பழைய வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் பழிவாங்கும் நாயகன் செய்வது நியாயம்தானா?

பெரும்பாலான படங்களில் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது. அயோக்கியன் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அவன் செய்த அநியாயத்தை நாமே கண்ணால் பார்த்திருப்போம். கடைசியில் அவன் சுருண்டு விழும்போது மனசு ஆறிப்போகும், அவ்வளவுதான். 1958இல் ஹென்றி கிங் இயக்கிய 'தி பிராவடாஸ்' மட்டும் என்னை அப்படி நிம்மதியாக எழுந்துபோக விடவில்லை. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

ஜிம் டக்ளஸாக கிரிகரி பெக். மனைவியைச் சீரழித்துக் கொன்றவர்கள் என்று அவன் நம்பும் நாலு பேர், வேறொரு குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் கிடக்கிறார்கள். அவர்கள் தொங்குவதைப் பார்க்கவே அந்த ஊருக்கு வருகிறான். சிறைக்குள் போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். அவர்களில் ஒருவனுக்கும் இவனை அடையாளம் தெரியவில்லை. படம் அங்கேயே நமக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது, நாம்தான் காதில் வாங்குவதில்லை.

நால்வரும் தப்பிவிட, துரத்தல் தொடங்குகிறது. கையில் சிக்கியவனிடம் கடிகாரத்துக்குள் இருக்கும் மனைவியின் படத்தைக் காட்டுகிறான். "இவளை நான் பார்த்ததே இல்லை" என்று அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறான். பொய் சொல்கிறான் என்றுதான் நாமும் நினைக்கிறோம். இன்னொருவனை மரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுகிறான். அதையும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருக்கிறோம்.

இப்படி மூன்று பேர் முடிந்த பிறகு, நாலாவது ஆளான லூஹானின் வீடு. ஹென்றி சில்வா அலட்டாமல் நடித்திருக்கும் பாத்திரம். வீட்டில் மனைவி, நோய்வாய்ப்பட்ட குழந்தை. அங்கே டக்ளஸின் கண்ணில் ஒரு பணப்பை படுகிறது. அது அவன் வீட்டிலிருந்து திருட்டுப்போனது. தப்பி ஓடும் வழியில் இந்தக் கும்பல் கொன்ற பட்லரிடமிருந்து லூஹானுக்குக் கிடைத்தது. பட்லர் டக்ளஸின் பக்கத்து வீட்டுக்காரன், இந்த நாலு பேர்மேல் கையைக் காட்டியவனும் அவன்தான். மனைவியைக் கொன்றவனும் அவனே.

"எப்படியும் தூக்கில் போகவேண்டியவர்கள்தானே" என்று நமக்கு ஒரு சமாதானம் தோன்றும். அவர்கள் யோக்கியர்கள் இல்லை என்பதும் உண்மை. கடத்திக்கொண்டு போன பெண்ணுக்கு அவர்களில் ஒருவன் செய்த கொடுமையும் படத்தில் இருக்கிறது. ஆனால் டக்ளஸ் அந்தச் சமாதானத்தைத் தேடிக்கொள்வதில்லை. நேராகப் பாதிரியாரிடம் போய்த் தான் செய்ததைச் சொல்கிறான். வெளியே ஊரே திரண்டு நின்று அவனைக் கொண்டாடுகிறது. கோர்ட்டு, கேஸ் எதுவும் இல்லை. அந்த ஆரவாரத்துக்கு நடுவே பெக்கின் முகத்தைக் கவனியுங்கள். தனக்காகப் பிரார்த்தனை செய்யும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறான். ஜோன் காலின்ஸ் வரும் காதல் பகுதி மட்டும் இல்லாமலிருந்தால் இந்த முடிவு இன்னும் உறுத்தியிருக்கும்.

இதைப் பார்த்த கையோடு ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) பாருங்கள். அதில் தன் சகோதரன் குடும்பத்தைக் கொன்றதற்காக ஜான் வெய்ன் துரத்தும் ஸ்கார் என்ற கொமாஞ்சி (அமெரிக்கப் பழங்குடி) தலைவன், தன் இரண்டு மகன்களையும் வெள்ளையர்கள் கொன்றதாகச் சொல்லும் இடம் ஒன்று வரும். தேடுகிறவனுக்கும் தேடப்படுகிறவனுக்கும் கணக்கு ஒன்றுதான். பிராவடாஸுக்கு அப்புறம் பார்த்தால் அந்த ஒரு வசனத்தை உங்களால் அவ்வளவு சுலபமாகத் தாண்டிப்போக முடியாது.