திருப்பி அடிக்கச் சொன்னது தப்பா?

கேள்வி: எங்கள் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவான். ஸ்கூல் வேனில் கூட வரும் மூன்று பையன்கள் ஜூன் மாதத்திலிருந்தே அவனைப் போலப் பேசிக் காட்டுவது, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பையைப் பிடுங்குவது, தலையில் தட்டுவது என்று இருந்திருக்கிறார்கள். ஆகஸ்டில்தான் எங்களிடம் சொன்னான். கிளாஸ் டீச்சரிடம் போனில் சொன்னோம். "பசங்க விளையாட்டு, கண்டிக்கிறேன்" என்றார். என் கணவர், "இனி அழுதுகொண்டு வந்து நிற்காதே, திருப்பி அடி" என்று சொல்லிவிட்டார். போன வாரம் வகுப்பில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன்களில் ஒருவனை ஸ்டீல் ஸ்கேலால் அடித்துவிட்டான். புருவத்துக்கு மேல் மூன்று தையல். என் மகனை ஐந்து நாள் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டில் போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். கணவரோ, "இப்பதான் ஆம்பளை ஆகியிருக்கான்" என்கிறார். திருப்பி அடிக்கச் சொன்னது தப்பா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜூனிலிருந்து போன வாரம் வரை உங்கள் மகனுக்காகப் பெரியவர்கள் செய்தது என்று அதில் இருப்பது ஒரே ஒரு போன். ஸ்கேலைவிட அதுதான் எனக்கு உறுத்துகிறது.

திக்கிப் பேசும் பிள்ளைக்கு நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வதே பெரும்பாடு. அதிலும் தனக்கு நடந்த அவமானத்தை, தன்னைக் கேலி செய்யக் காரணமாக இருந்த அதே வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பட்டப்பெயரையும் அவனே சொல்லிக் காட்ட வேண்டும். இரண்டு மாதம் உள்ளேயே வைத்துப் புழுங்கிவிட்டு ஆகஸ்டில் ஒரு நாள் அப்பா, அம்மா முன்னால் வந்து நின்றிருக்கிறான். அவனுக்குக் கிடைத்த பதில், "அழுதுகொண்டு வந்து நிற்காதே." உங்கள் கணவர் தைரியம் சொல்வதாக நினைத்திருப்பார். பிள்ளையின் காதில் அது, "இனி இதை எங்களிடம் கொண்டு வராதே" என்றுதான் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் உங்களிடம் ஏதாவது சொன்னானா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு வேனில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அடி விழும்போது கையைக் கட்டிக்கொண்டு நில் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். கழுத்தைப் பிடித்தால் கையைத் தட்டிவிடலாம், தள்ளிவிட்டு ஓடலாம், வேனே அதிரக் கத்தலாம். சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-வது பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை பற்றித்தான் பேச்சு. ஆனால் தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. நேற்று வேனில் தட்டியவனை இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்கேலால் அடிப்பது தற்காப்பில் வராது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எப்போது அடிப்பது, எதனால் அடிப்பது, எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் அவன் தலையிலேயே கட்டிவிட்டீர்கள். ஸ்கேல் இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் ஒரு பிள்ளைக்குக் கண் போயிருக்கும். அந்தப் பாரத்தை உங்கள் மகன் ஆயுளுக்கும் சுமந்திருப்பான்.

"விளையாட்டு" என்று டீச்சர் சொன்னாரே, அதையும் விடக் கூடாது. நார்வேயில் 1982-ல் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணம் என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த நாடு பள்ளிகளில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதில் பெரும்பங்கு வகித்த உளவியல் அறிஞர் டான் ஓல்வியஸ், கொடுமைக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் சமமில்லாதவனிடம் செய்வது. மூன்று பேர் சேர்ந்து, திக்கிப் பேசும் ஒருவனை, மாதக்கணக்கில். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? ஓல்வியஸ் எந்தப் பிள்ளைக்கும் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கவில்லை. இடைவேளையில் பெரியவர்கள் கண்காணிக்க வேண்டும், வகுப்புக்கு வகுப்பு விதி வேண்டும், இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று வேலை முழுவதையும் பெரியவர்களிடம் கொடுத்தார். பெர்கன் நகரில் 42 பள்ளிகளில், சுமார் 2,500 பிள்ளைகளிடம் செய்து பார்த்ததில், இரண்டே வருடத்தில் கொடுமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அப்படியென்றால் டீச்சரிடம் சொன்னால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன், சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்ய வேண்டியதைத்தான் செய்தான். சொன்ன பிள்ளைக்கு அன்று மாலையிலிருந்து யார் காவல் என்று ஒரு பெரியவரும் யோசிக்கவில்லை. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. புகார் வாங்குவதோடு பள்ளியின் கடமை முடிவதில்லை என்று ஒவ்வொரு ஹெச்.எம்.மிடமும் அழுத்திச் சொல்வதற்கு நாங்குநேரி ஒன்றே போதும்.

வேனில் மற்ற பிள்ளைகளும் இருந்தார்களே என்றும் யோசித்தேன். கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால், பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் கொடுமை நின்றிருக்கிறது. ஆனால் குறுக்கே வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. நான் படித்தபோது என் வகுப்பில் ஒருவனை, அவன் காலைக் கேலி செய்யும் பட்டப்பெயரால் கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, ஆனால் கூட்டத்தோடு சிரித்திருக்கிறேன். ஒன்பதாவதோடு அவன் நின்றுவிட்டான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் மகனோடு வேனில் வரும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரின் அம்மாக்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் பேசுங்கள்.

அப்புறம், "ஆம்பளை ஆகியிருக்கான்" என்ற பேச்சை வீட்டில் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கேலை எடுத்தவன் ஆம்பளை என்றால், ஆகஸ்டில் அழுதவன் யார்? அவன் மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பான். முதலில் உங்கள் கணவர் அவனிடம், "நீ சொன்னபோதே நான் வந்திருக்கணும்" என்று சொல்லட்டும். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். வேன் கதையை அங்கே எடுக்காதீர்கள். ஒருவேளை அவர்கள் போலீசுக்கே போனாலும், உங்கள் மகன் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவன். இளைஞர் நீதிச் சட்டப்படிதான் அவனை நடத்த வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது.

வேன் கதை போக வேண்டிய இடம் ஹெச்.எம். மேஜை. போனில் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். எந்த மாதம் என்ன நடந்தது, ஆகஸ்டில் யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, எல்லாம் தேதியோடு. உங்கள் மகன் செய்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012-ல் வந்த பள்ளி வாகன விதிகளின்படி வேனில் ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். ஜூனிலிருந்து அவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். இனி உங்கள் மகன் எந்த சீட்டில், யார் பக்கத்தில் உட்காருவான் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. இரண்டு எண்ணையும் அவனும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும்.

சஸ்பென்ஷன் முடிந்து அவன் எதில் பள்ளிக்குப் போகப் போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அதே வேன்தான் என்றால், பள்ளி எழுத்தில் பதில் கொடுக்கும்வரை ஏற்ற வேண்டாம். அதுவரை உங்கள் கணவரே வண்டியில் கொண்டுபோய் விடட்டும். போகிற வழியில் அவன் ஏதாவது பேச ஆரம்பித்தால், எவ்வளவு நேரமானாலும் முடிக்க விடச் சொல்லுங்கள்.