எச்.டி. போட்டும் படம் தெளிவில்லையா? வாசகர் கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாடி ஏறி டிஷ் மாட்டும் வேலையும் உண்டு. இந்த முறை வந்த கேள்விகளில் எச்.டி. படத்தரம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதிதாக 43 இன்ச் ஃபுல் எச்.டி. டிவி வாங்கினோம். செட்டாப் பாக்ஸும் எச்.டி.தான். மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிறோம். ஆனால் கடையில் பார்த்த தெளிவு வீட்டில் இல்லை. பார்க்க வந்த பையன், "சிக்னல் 90 காட்டுது, இதுக்கு மேல ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிஷ்ஷை மாற்ற வேண்டுமா?
– வாசகி, காலடிப்பேட்டை

டிஷ்ஷைத் தொடவே வேண்டாம் அம்மா. டிஜிட்டல் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் படம் மங்காது, உடையும். கட்டம் கட்டமாகச் சிதறும், குரல் விட்டு விட்டு வரும், அப்படியே உறைந்து நிற்கும், கடைசியில் "நோ சிக்னல்" வந்துவிடும். சிக்னல் குறையக் குறையப் புள்ளியடித்து மங்கியதெல்லாம் மொட்டை மாடியில் ஆண்டெனா கட்டிய காலத்தில்தான். இப்போது 70 காட்டினாலும் 90 காட்டினாலும், உடையாமல் வருகிறவரை பாக்ஸுக்குள் வந்து சேரும் படம் ஒன்றேதான். உங்கள் வீட்டில் படம் உடையவில்லை, மங்கலாக இருக்கிறது. அப்படியென்றால் குறை மாடியில் இல்லை, கூடத்தில் இருக்கிறது.

முதலில், நீங்கள் பார்ப்பது எச்.டி. சேனல்தானா என்று பாருங்கள். சன் டிவியும் சன் டிவி எச்.டி.யும் தனித்தனி எண், தனித்தனி விலை. எச்.டி.க்குப் பணம் கட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்திப் பார்க்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. சாதா சேனலின் படம் 720-க்கு 576 புள்ளிகள். எச்.டி. 1920-க்கு 1080. ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். சாதா சேனலைப் போட்டால் நாலு லட்சம் புள்ளியை வைத்துக்கொண்டு உங்கள் டிவி இருபது லட்சம் இடத்தை நிரப்ப வேண்டும். மங்காமல் என்ன செய்யும்? அப்படியே உங்கள் சேனல் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். ஒரே சேனலின் சாதா வடிவத்தையும் எச்.டி. வடிவத்தையும் ஒரே தொகுப்பில் கட்டி விற்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. இரண்டும் பட்டியலில் இருந்தால் அவை தனித்தனியாக வந்து ஏறியவை. சாதாவை எடுத்துவிடச் சொல்லுங்கள், பணம் மிச்சம்.

அடுத்தது வயர். பாக்ஸுக்குப் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் செருகியிருந்தால் உங்கள் குறை அங்கேதான். மஞ்சள் பின் வழியாக எச்.டி. வரவே வராது. செய்திச் சேனலைப் போட்டுக் கீழே ஓடும் எழுத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். மஞ்சள் பின்னில் "ண" எழுத்தின் சுழிகள் அடைபட்டு ஒரே பொட்டாகத் தெரியும், சிவப்பு எழுத்தின் ஓரத்தில் நிறம் வழிந்திருக்கும். எச்.டி.எம்.ஐ. வயர் போட்டால் ஒவ்வொரு சுழிக்குள்ளும் இருக்கும் வெளி திறந்து தெரியும். இதற்கு விலை உயர்ந்த வயர் தேவையில்லை. சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரே போதும், தங்கமுலாம் பூசியதில் படம் கூடுதலாக ஒன்றும் தெளியாது.

வயர் சரியாக இருந்தால் பாக்ஸின் செட்டிங்குக்குள் போய், வெளியே அனுப்பும் படம் 576-இல் நிற்கிறதா என்று பார்த்து 1080i என்று மாற்றுங்கள். டிவியில் படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் வசதி ஒன்று உண்டு. "ஜஸ்ட் ஸ்கேன்" என்றோ "ஸ்கிரீன் ஃபிட்" என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த வெட்டு நிற்கும். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அது தெளிவைக் கூட்டுவதில்லை, உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது.

கடையில் பார்த்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஓடுவது பெரும்பாலும் பென் டிரைவில் போட்ட டெமோ வீடியோ. அதையும் வானத்திலிருந்து இறங்கி வரும் சேனலையும் ஒப்பிடுவது நியாயமில்லை. டிவி வாங்கப் போகும்போது, "உங்கள் டிஷ் கனெக்‌ஷனில் ஒரு சீரியல் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் வீட்டில் தெரியப் போகும் படம்.

மழையும் இல்லை, மேகமும் இல்லை. மார்ச் நடுவில் சில நாள் மட்டும் காலை பதினொரு மணி வாக்கில் படம் உடைந்து, சில நிமிடத்தில் தானாகவே சரியாகிறது. எல்.என்.பி. போய்விட்டதா?
– வாசகர், பெரம்பூர்

இல்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யில் குறை இல்லை, அது சூரியனின் வேலை. நம் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் இருந்து பார்க்கும்போது மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி – அக்டோபர் தொடக்கத்திலும் சூரியன் சரியாக அதற்குப் பின்னால் வந்து போகும். சூரியனும் ரேடியோ அலை வீசுவதால் கோளின் மெல்லிய சிக்னல் அதில் அமுங்கிவிடுகிறது. எந்தக் கோள் என்பதைப் பொறுத்து நேரம் மாறும். சில நாளில் தானே விலகிவிடும். இதைக் காட்டி எல்.என்.பி. மாற்றச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஃபுட்பால் மேட்ச் பார்க்கிறோம். எச்.டி. சேனல், எச்.டி.எம்.ஐ. வயர் எல்லாம் சரி. கேமரா வேகமாகத் திரும்பும்போது மட்டும் புல் முழுக்கப் பச்சை பெயின்ட் அடித்ததுபோல் ஆகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், வியாசர்பாடி

பந்தோடு வளர்ந்த ஊர். உங்கள் கண்ணுக்கு இது தப்புமா தம்பி?

மைதானத்தில் கேமராவிலிருந்து வெளிவரும் அசல் எச்.டி. படம் நொடிக்குக் கிட்டத்தட்ட 1.5 கிகாபிட். உங்கள் பாக்ஸுக்கு வந்து சேரும்போது அது சில மெகாபிட், நூறில் ஒரு பங்குக்கும் கீழே. இப்படி அமுக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவார்கள். செய்தி வாசிப்பவரின் பின்னால் இருக்கும் சுவர் மாறாது, உதடும் கண்ணும்தான் மாறும். அதனால் செய்தி எப்போதும் பளிச்சென்று இருக்கும். ஃபுட்பாலில் கேமரா ஒரு கோலிலிருந்து மறு கோலுக்குத் திரும்பினால் புல்லும் கூட்டமும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அனுப்ப வேண்டியது மலைபோல் ஏறிவிடுகிறது, பாதை அதே அகலம்தான். உடனே நுணுக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பச்சையை மட்டும் அனுப்புகிறது படத்தை அமுக்கும் கருவி. கேமரா நின்றதும் ஒரு நொடிக்குள் புல் திரும்பவும் முளைப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கி நமக்குத் திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அது ஒவ்வொன்றும் ஒரு ஷேர் ஆட்டோ. எத்தனை சேனலை ஏற்றுகிறார்களோ, அத்தனைக்கு இடம் நெருக்கும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எச்.டி. என்ற பெயர் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. நொடிக்கு எத்தனை மெகாபிட் தருகிறோம் என்று நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் போட்டதில்லை. கூடுதல் பணம் வாங்குகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டிவியில் நாய்ஸ் ரிடக்‌ஷனையும், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் வசதியையும் அணைத்துவிடுங்கள். இருக்கிற புல்லையும் மழுங்கச் செய்வது அவைதான்.

கடற்கரை ஓரம் வீடு. மழை வந்தால் படம் போகிறது, அது பரவாயில்லை. மழை விட்டு அரைநாள் ஆன பிறகும் எச்.டி. சேனல்கள் மட்டும் உடைகின்றன. சாதா சேனல்கள் நன்றாக ஓடுகின்றன.
– வாசகர், காசிமேடு

இதுதான் உண்மையான மாடி வேலை. முதலில் மழையைப் பிரித்துவிடலாம். டிஷ்ஷுக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கனமழையின் பெரிய துளிகள் அதை விழுங்கும், சிதறடிக்கும். 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு மாட்டிய டிஷ் நம் ஊரில் தென்கிழக்கு பார்க்கும். காசிமேட்டில் அது கடல் பக்கம். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கடல்மேல் மேகம் கறுத்து நின்றாலே, உங்கள் மாடியில் தூறல் விழும் முன்பே படம் உடையும். மேகம் கடந்ததும் வந்துவிட வேண்டும். அரைநாள் ஆகியும் வரவில்லை என்றால் தண்ணீர் வயர் முனையில் இருக்கும் பின்னுக்குள் இறங்கியிருக்கிறது.

எச்.டி. மட்டும் ஏன் என்றால், அந்தச் சேனல்களை ஏற்றும் டிரான்ஸ்பாண்டர்களில் பெரும்பாலும் ஒரே அலையில் அதிகத் தகவலைத் திணிக்கும் முறை இருக்கும். அதற்குச் சுத்தமான சிக்னல் வேண்டும். சிக்னல் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் விழுவது அதுதான்.

பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடிக்குப் போங்கள். அந்த வயரிலேயே எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கும், ஈரக் கையோடு ஷார்ட் ஆனால் பாக்ஸுக்கு ஆபத்து. எல்.என்.பி.யில் திருகியிருக்கும் பின்னைக் கழற்றுங்கள். நடுக்கம்பி பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாடிகளில் நான் பார்ப்பது வேறு: நுனி கறுத்து, அடியில் பச்சை பூத்து, சுற்றியிருக்கும் அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிரும். கடைகளில் விற்கும் பல வயர்களில் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை, இரும்பின்மேல் செம்புப் பூச்சு. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் பூச்சு இருக்கிறவரை குறையில்லை. உப்புக்காற்று பூச்சைத் தின்றுவிட்டால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கும்.

கெட்ட பகுதியை ஒரு ஜாணுக்கு வெட்டிவிட்டு, நல்ல கம்பி தெரிந்ததும் புதுப் பின் போடச் சொல்லுங்கள். கையால் முறுக்கும் பின் வேண்டாம், கருவியால் அழுத்திப் போடும் பின்னாக இருக்கட்டும். அதன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் ஒரு கோடையிலேயே பிசின் இளகிப் பிரிந்துவிடும். வயர் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நடுவில் ஜாயின்ட் இருந்தால் எடுத்துவிட்டு ஒரே வயராக இழுங்கள்.

டிஷ்ஷின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். 2016 வர்தா புயலில் கவிழ்ந்ததை நிமிர்த்தி வைத்து இன்னும் ஓட்டும் வீடுகள் உண்டு. குழிவு நெளிந்த டிஷ்ஷை எவ்வளவு திருப்பினாலும் முழுச் சிக்னல் கிடைக்காது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஓரளவு மழையைத் தாங்கும், கொட்டுகிற மழைக்கு அதுவும் நிற்காது.

எச்.டி. சேனலில் போடும் பழைய படங்களில் எல்லோரும் குண்டாக, கலங்கலாகத் தெரிகிறார்கள். பழைய படம் என்றால் அப்படித்தானா?
– வாசகி, தண்டையார்பேட்டை

அப்படியில்லை அம்மா. 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படத்தின் நெகட்டிவில் எச்.டி.க்கு மேலேயே நுணுக்கம் இருக்கிறது. நன்றாக ஸ்கேன் செய்த படத்தில் பட்டுப்புடவையின் சரிகை இழைகூடத் தெரியும். ஆனால் பல படங்கள் எப்போதோ வீடியோ டேப்பில் ஏற்றிய பிரதியிலிருந்தே ஒளிபரப்பாகின்றன. சேனல் எச்.டி. ஆனாலும் உள்ளே போவது சாதாப் படம். அதை எந்த டிவியாலும் மீட்க முடியாது.

முகம் குண்டாவது மட்டும் உங்கள் கையில் இருக்கலாம். சதுரமான பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்தால் அப்படி ஆகும். எச்.டி. சேனலிலேயே இழுத்து அனுப்பியிருந்தால் டிவியில் 4:3 என்று வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், முகம் சரியாகிவிடும். மறுபடி சீரியலுக்குப் போகும்போது 16:9-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதில் எல்லோரும் ஒல்லியாகத் தெரிவார்கள்.