காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் அப்பா உளறுகிறார். காலை வரை பார்க்கலாமா?

காலை வரை பார்க்க வேண்டாம். இப்போதே 108-ஐக் கூப்பிட்டு, ஐசியு இருக்கிற மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சர்க்கரை நோய், கால் ஆணியை பிளேடால் சீவியதில் புண், இரண்டு நாள் காய்ச்சல், இப்போது உடம்பு சில்லென்று இருக்கிறது, சாயங்காலத்திலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் காய்ச்சல் விட்டதை நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செப்சிஸாக இருக்கலாம். புண் சீழ் பிடித்தாலே 'செப்டிக் ஆயிடுச்சு' என்போமே, அது வேறு. இது, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும், சூடு 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதும் ஓர் அறிகுறி.

வண்டி வருவதற்குள்:

1. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த எண்ணை டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உளறலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதற்காக அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், புரை ஏறிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தாலும் போயே ஆக வேண்டும், ரத்தப் பரிசோதனை வீட்டில் முடிகிற காரியமில்லை.

அங்கே போனதும் "கால் புண், சர்க்கரை, செப்சிஸாக இருக்குமோ" என்று எடுத்த எடுப்பில் கேளுங்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளை மறக்காதீர்கள். அப்புறம், அந்த பிளேடைத் தூக்கிப் போடுங்கள்.