டயாலிசிஸ் நோயாளிக்கு சிஎம்வி பாசிட்டிவ் என்றால் என்ன அர்த்தம்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) ஐஜிஜி பாசிட்டிவ், இதனால் எதிர்ப்பு சக்தி கிழடாகிவிடுமா என்று.

முதலில், பயப்பட வேண்டாம். ஐஜிஜி என்பது வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்; அது பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்றிய வைரஸ் உடம்பில் அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் பெரியவர்கள் பெரும்பாலானோருக்கு இது இருக்கும்.

ஆனால் கேள்வி சரியானதே. சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் தேங்கும் கழிவும் ஓயாத அழற்சியும் டி செல்களை, அதாவது தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களை, வயதுக்கு மீறி முதுமையாக்குகின்றன. இவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பியிலிருந்து புதிய செல்கள் வருவது குறைகிறது; 50 வயதுக்காரரின் டி செல்கள் 70 வயதுக்காரருடையவை போல இருக்கலாம். சிஎம்வி தன் பங்குக்கு, சிடி28 என்ற மேற்பரப்புப் புரதத்தை இழந்த பழைய டி செல்களைப் பெருக்குகிறது. இவை ரத்தக்குழாய் அடைப்போடும் தொடர்புடையவை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தாலும் இந்த முதுமை முழுதாக மாறுவதில்லை. அந்தச் சமயத்தில் சிஎம்வி விழித்துக்கொள்ளலாம் என்பதால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

என்னைக் கேட்டால், எதிர்ப்பு சக்தி இப்படித் தளர்ந்திருப்பதால் இப்போது முக்கியம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வழக்கமாக 40 மைக்ரோகிராம், அதாவது இரட்டை டோஸ், 0, 1, 2, 6 மாதங்களில் போடுவார்கள். போட்டதோடு விடாதீர்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எதிர்ப்புப் புரதத்தின் (anti-HBs) அளவு 10-க்கு (mIU/mL) மேல் வந்ததா என்று பாருங்கள், அப்புறம் வருடாவருடம். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளையும் டாக்டரிடம் கேளுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் லேசாகவே காட்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குப் போய்வந்து குளிர் நடுக்கம் என்றால் அன்றே காட்டிவிடுங்கள்.