கண்ணை மூடினாலே கடன் ஞாபகம்!

தியானத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கே: தறியை விட்டு எழுந்ததும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது, வாங்கின கடன் ஞாபகம் வந்துவிடுகிறது. மனசை எப்படிக் காலியாக்குவது?
– நெசவாளர், ஆரணி

ப: காலியாக்க வேண்டாம். அது யாராலும் ஆகாத காரியம். மனசுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள், போதும். மூச்சு மூக்கு நுனியில் படுகிற இடத்தைக் கவனியுங்கள். வெளியே விடும்போது மனசுக்குள் ‘ஒன்று’, அடுத்த மூச்சை விடும்போது ‘இரண்டு’. இப்படிப் பத்து வரை போய், திரும்ப ஒன்றிலிருந்து. நடுவில் கடன்காரர் வந்துவிட்டாலோ, எண்ணிக்கை பதினாலு, பதினைந்து என்று ஓடிக்கொண்டிருந்தாலோ, திட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. முதல் வாரம் ஒரு தடவைகூடப் பத்தைத் தொடாமல் போகலாம். அதில் தவறொன்றும் இல்லை.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். எண்ணுக்குத் தகுந்தபடி மூச்சை இழுத்து நீட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் நெஞ்சு இறுகி, ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று எழுந்துவிடுவார்கள். மூச்சு அதன் போக்கில் வரட்டும். எண் அதன் பின்னால் போகட்டும்.

கடனுக்கு ஒரு வழி: உட்காரும் முன் ஒரு நோட்டில் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்கு, நாளை யாரைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி எழுதிவிடுங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனசு அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. எழுதி வைத்துவிட்டால் பாதி நச்சரிப்பு குறையும்.

கே: சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துவிடுகிறது. முதுகும் வலிக்கிறது. பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன்.
– வாசகி, குடியாத்தம்

ப: அப்படியானால் தியானத்துக்கும் தரை எதற்கு? கை இல்லாத மர நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல், முன்பாதியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படியவேண்டும். எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை போடுங்கள். தரையில்தான் என்றால், போர்வையை மூன்று நாலு அங்குல உயரத்துக்கு மடித்து, அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் முதுகு கூன் போடும். வலி அங்கிருந்துதான் வருகிறது.

மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். கொஞ்ச நேரம் மரத்தால் கெடுதல் இல்லை, ஆனால் உடனே எழுந்து நடக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள். காலை நீட்டி, உணர்வு திரும்பின பிறகு எழுந்திருங்கள்.

இன்னொன்று. முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பவர்களுக்கு மார்பு சரியாக விரியாது. உட்காரும் முன் தோளை ஐந்து முறை பின்பக்கமாகச் சுழற்றுங்கள். கை, முகம் கழுவி, புகையிலைத் தூள் இல்லாத இடத்துக்கு வந்து தொடங்குங்கள்.

கே: ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. எந்தத் தியானம் உதவும்?
– செவிலியர், வேலூர்

ப: படுத்தபடி உடம்பைக் கவனிக்கும் முறை. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். இடது கால் பெருவிரலில் தொடங்கி பாதம், குதிகால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஏறுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று மூச்சு நேரம். சூடா, குளிர்ச்சியா, துணி உரசுகிறதா, வலியா, ஒன்றுமே தெரியவில்லையா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அதுவும் சரிதான். பிறகு வலது கால், இடுப்பு, வயிறு, மார்பு, கைகள், கழுத்து, கடைசியாக முகம். அவசரப்படாமல் போனால் இருபது நிமிஷம் பிடிக்கும். தாடையும் நெற்றியும் இறுகியிருப்பது அங்கே போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும்.

‘தளர்த்து, தளர்த்து’ என்று உத்தரவு போடாதீர்கள். தூக்கத்தை விரட்ட அதுவே போதும். நடுவில் தூங்கிவிட்டால் உங்கள் விஷயத்தில் நல்லது. பகலில் இதே முறையைத் தியானமாகச் செய்ய நினைப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து செய்யட்டும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை இறக்கிக்கொண்டிருக்கும். கீழ்த்தளத்து அறை இருந்தால் படுக்கையை அங்கே மாற்றி, ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள்.

கே: மந்திரம் எதுவும் சொல்லாமல் தியானம் செய்ய முடியுமா?
– வாசகி, மேல்விஷாரம்

ப: தாராளமாக. மேலே சொன்ன இரண்டு முறையிலும் மந்திரமோ உருவமோ கிடையாது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்தால் வசதி. தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி (ஒளு செய்து) முகம் தெளிந்திருக்கும், வயிறும் காலி, தெருவும் அமைதி.

கே: பாட்டி சாமாயிகம் என்று 48 நிமிடம் அசையாமல் உட்காருவார். அதென்ன 48?
– வந்தவாசி வாசகர்

ப: இரண்டு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். சமண மரபில், மனசைச் சமநிலையில் வைத்து உட்காரும் சாமாயிகத்துக்கு வைத்திருக்கும் அளவு அது. நீங்கள் அரை நாழிகையில் தொடங்குங்கள். பாட்டியே பக்கத்தில் இருக்கும்போது எங்களிடம் கேட்பானேன்!

கே: யூடியூப் பார்த்து, முதலில் வேகவேகமாக மூச்சு விட்டு, பிறகு 16–64–32 கணக்கில் பிராணாயாமம் செய்தேன். தலை சுற்றுகிறது, விரல் நுனி ஊசி குத்துவதுபோல் இருக்கிறது.
– கல்லூரி மாணவர், காட்பாடி

ப: நிறுத்துங்கள். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றலும் விரல் குத்தலும் அதன் விளைவு. சக்தி ஏறுகிறது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அந்தச் சமயத்தில் உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சு விட்டாலே சரியாகிவிடும்.

16 பூரகம் (இழுப்பது), 64 கும்பகம் (அடக்குவது), 32 ரேசகம் (விடுவது) என்பது திருமூலர் சொன்ன கணக்குதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்று வைத்தாலே ஒரு சுற்று 112 நொடி. குருவின் பக்கத்திலிருந்து வருஷக்கணக்கில் பழகினவர்களுக்கான அளவு அது.

நீங்கள் மூச்சை அடக்காமல் நாடிசுத்தி செய்யுங்கள். வலது கட்டைவிரலால் வலது மூக்கை மூடி, இடதில் நாலு எண்ணும் நேரம் இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதில் ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. ஆறு சுற்று போதும். மூச்சின் சத்தம் உங்கள் காதுக்கே கேட்டால் அழுத்தம் அதிகம். சளி பிடித்து மூக்கு அடைத்த நாளில் வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது.

கே: விளக்குச் சுடரை உற்றுப் பார்க்கும் தியானம் நல்லதா?
– சோளிங்கர் வாசகர்

ப: கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), வலிப்பு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வேண்டாம். மற்றவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டு, கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் விளக்கை வைத்து ஒரு நிமிஷம் பார்க்கலாம். சூரியனைப் பார்ப்பது எக்காலத்திலும் கூடாது.

கே: ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை. தியானத்துக்கு நேரம் ஏது?
– வாசகி, ஆம்பூர்

ப: பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடக்கிறீர்கள் அல்லவா, அதில் ஆளில்லாத தெருவாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குதிகால் எழுவது, கால் முன்னே போவது, பாதம் பதிவது – இந்த மூன்றை மட்டும் கவனியுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், போன் பையில் இருக்கட்டும். பசை வாசனை அடிக்கும் இடத்தில் ஆழ மூச்சுப் பயிற்சி எதுவும் செய்யாதீர்கள்.

கே: ரமணரின் ‘நான் யார்’ விசாரத்தில் ஈடுபாடு. ஆரம்பத்திலேயே அதைச் செய்யலாமா? கிரிவலத்தைத் தியானமாகக் கொள்ளலாமா?
– போளூர் வாசகர்

ப: செய்யலாம், ஆனால் ‘நான் யார், நான் யார்’ என்று உருப்போட்டால் அது விசாரம் ஆகாது. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் சொன்னது, எண்ணம் எழுந்தால் ‘இது யாருக்கு?’ என்று கேட்டு, ‘எனக்கு’ என்று எழுகிற அந்த ‘நான்’ எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஒரு எண்ணத்தைக்கூடப் பிடித்துப் பார்க்க முடியாத அலைச்சலில் அது வெறும் யோசனையாக முடிந்துவிடும். மூச்சைக் கவனித்தால் மனம் அடங்கும், ஆனால் அந்த அடக்கம் தற்காலிகமானது என்பதும் அவர் சொன்னதே. அந்தத் தற்காலிக அமைதிதான் உங்களுக்கு இப்போது தேவை. ஒரு மாதம் மூச்சை எண்ணும் முறையைச் செய்துவிட்டு விசாரத்துக்கு வாருங்கள்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் தியானத்துக்கு இடமில்லை. சாதாரண நாளில், தார் சுடும் முன், விடியற்காலையில் கிளம்புங்கள். முழுச் சுற்றும் கவனமாக நடக்க ஆசைப்படாமல், வழியில் வரும் அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம் வரை மட்டும் பேசாமல் பாதத்தைக் கவனித்து நடங்கள். மீதியைப் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தாலும் குற்றமில்லை.

கே: உட்கார்ந்தால் பழசெல்லாம் கிளம்பி அழுகை வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போனால் சரியாகுமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

ப: இப்போது போகாதீர்கள். அங்கே முதல் ஒன்பது நாளும் மௌனம். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வைப்பார்கள். முகாம் நல்லதுதான், உங்கள் இன்றைய நிலைக்குப் பாரம் அதிகம். அழுகை எப்போதாவது வந்து போனால் பயமில்லை. படபடப்பு வரும்போது கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். அன்றைக்கு அத்தோடு போதும்.

தூக்கம் கெட்டாலோ, இரண்டு வாரமாகியும் குறையாவிட்டாலோ, தியானத்தை நிறுத்தி மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், தியானம் தொடங்கியாயிற்று என்று நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள்.