கட்டிலை எண்ணிப் படகு வாங்காதீர்கள்

கேள்வி: நான், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன். இரண்டு வருடமாகச் சிறிய திறந்த படகில் பாய் பிடித்துப் பழகியிருக்கிறேன். ஏரியிலும் கரையோரக் கடலிலும் இரண்டு மூன்று நாள் தங்கி வருகிற மாதிரி அறை வைத்த பாய்மரப் படகு ஒன்று வாங்க ஆசை. 26 அடிப் பழைய படகு ஒன்று மலிவாக வருகிறது, ஐந்து பேர் படுக்கலாம் என்கிறார் விற்பவர். 19 அடியே போதும் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அடிக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தப் படகை எத்தனை பேர் ஓட்டப் போகிறீர்கள்? இரண்டு பேர் என்பீர்கள். இல்லை, ஒருவர்தான். 5 வயதுப் பையன் படகில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் எப்போதும் அவனுக்குத்தான்: தொப்பி பறக்கும், அவசரமாக ஒன்றுக்கு வரும், தூக்கம் வரும், வாந்தி வரும். மிச்சமிருக்கும் ஒருவர்தான் சுக்கான், பாய், மோட்டார், நங்கூரம் எல்லாம். அதனால் குடும்பத்துக்குப் படகு தேடுகிறவர் உண்மையில் தேட வேண்டியது தனி ஆளாகச் சமாளிக்கிற படகை.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் படகு 25 அடி, அதுவும் 'ஐந்து பேர் படுக்கலாம்' வகை. இரண்டாவது பயணத்தில் காற்று ஏறியது, பாயைச் சுருக்க வேண்டும். மனைவி கீழே அறையில் வாளியைப் பிடித்தபடி மகளின் நெற்றியைத் தாங்கிக்கொண்டிருந்தார். பாயைச் சுருக்கும் கயிறுகளோ பாய்மரத்தின் அடியில். சுக்கானை விட்டுவிட்டு அறையின் கூரைமேல் தவழ்ந்து போனேன், நான் விட்ட நிமிஷமே படகு காற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது, பாய் படபடவென்று அடிக்க, பாயின் அடியைப் பிடிக்கும் பூம் கட்டை தலைக்கு மேல் அங்குமிங்கும் வீச, இரண்டு முடிச்சுப் போட இருபது நிமிஷம் ஆனது. அடுத்து வாங்கியது 21 அடி. சுருக்கும் கயிறுகள் எல்லாம் கப்பி வழியாகக் காக்பிட்டுக்கே, அதாவது ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்கே வந்துவிடும், முன்பாய் ஒரு கயிற்றை இழுத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். அதே காற்றில் அதே வேலை இரண்டு நிமிஷம்.

அதனால் விற்பவரின் படகில் ஏறியதும் சுக்கான் பிடியைக் கையில் பிடித்தபடி உட்காருங்கள். எழுந்திருக்காமல் பெரிய பாயை இறக்க முடிகிறதா, முன்பாயைச் சுருட்ட முடிகிறதா, மோட்டாரின் கைப்பிடி எட்டுகிறதா? மூன்றில் இரண்டு இல்லையென்றால் படகு எத்தனை அடியாக இருந்தாலும் உங்களுக்கு அது பெரிய படகுதான். கயிறுகளைப் பின்னால் கொண்டுவந்து மாற்றலாம், அது பெரிய வேலையில்லை, ஆனால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஐந்து பேர் கதைக்கு வருவோம். படகின் முன்மூக்கில் முக்கோணக் கட்டில், அதில் இரண்டு பேர், கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். காக்பிட் இருக்கைக்கு அடியில் குகை மாதிரி இரண்டு, அதில் நுழைவதே ஒரு வித்தை. ஐந்தாவது ஆள் சாப்பாட்டு மேசையை இறக்கிப் பலகையாக்கி அதன்மேல். இந்த ஐந்து பேரும் துணிப்பையோ தண்ணீர் கேனோ கழற்றிய பாயோ இல்லாமல் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு! கழிப்பறைப் பெட்டியும் பெரும்பாலும் அந்த முக்கோணக் கட்டிலுக்கு அடியிலேதான் இருக்கும், நள்ளிரவில் ஒருவர் போக இருவர் எழ வேண்டும்.

நீளம் கூடினால் வேகம் கூடுமே என்று அடுத்து கேட்பீர்கள். படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் சாதாரணமாக அது எட்டும் உச்ச வேகம் நாட் கணக்கில் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) கிடைக்கும். நீர்மட்டத்தில் 16 அடி என்றால் 5.4 நாட், 22 அடி என்றால் 6.3. ஒரு நாட்கூட வித்தியாசமில்லை. நீளம் தருவது கனம்தான். 19 அடிப் படகு ஒரு டன் இருந்தால் 26 அடி இரண்டரை, மூன்று டன் இருக்கும். அலையில் குலுக்கல் குறையும், அது பெரிய சுகம். ஆனால் படகுத்துறையில் மோதப் போகிற படகைக் காலால் உந்தித் தள்ளுவது ஒரு டன்னில் முடியும், மூன்று டன்னில் கால் போகும்.

உங்கள் நான்கு பேருக்கு 20 முதல் 23 அடி. பையனுக்குப் பத்து வயதாகி அவனும் ஒரு கயிறு பிடிக்க ஆரம்பித்த பிறகு 26 அடியைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். கடலுக்கும் போக வேண்டும். எந்த மாதிரி கீல் வாங்குவது?

பதில்: கீல் என்பது படகின் அடியில் தொங்கும் துடுப்பு மாதிரியான பாகம். படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதும், பாரத்தைக் கீழே வைத்துக் கவிழாமல் காப்பதும் அதன் வேலை. ஆழம் கூடக் கூட இரண்டு வேலையையும் நன்றாகச் செய்யும், உங்கள் ஏரியில்தான் தரை தட்டும்.

இடுப்பளவுத் தண்ணீருக்கு மடக்கும் கீல் நல்ல வழி. 1969-இல் வந்து 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட கேட்டலினா 22 என்ற பாய்மரப் படகை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்: ஏறக்குறைய 250 கிலோ வார்ப்பிரும்புக் கீல், இறக்கினால் 5 அடி ஆழம், மடக்கினால் 2 அடி. டிரெய்லரில் ஏற்றவும் சுலபம். பிரச்சினை அந்தக் கீலைத் தூக்கும் கேபிளும் அது சுழலும் ஊசியும்தான். படகு வேகமெடுத்தால் கேபிள் ரீங்காரமிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். நங்கூரமிட்ட இரவில் கீல் 'டங், டங்' என்று பக்கத்துக்குப் பக்கம் இடித்தால் ஊசியோ அதன் துளையோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கேபிளைத் துணியால் பிடித்து உருவிப் பாருங்கள். ஓர் இழை துணியில் சிக்கினாலும் மாற்றியாக வேண்டும். அறுந்தால் அந்த 250 கிலோவும் ஒரே வீச்சில் விழும்.

ஓதம் வற்றிச் சேறு தெரிகிற கடற்கரை என்றால் இரட்டைக் கீல். தண்ணீர் வற்றியதும் படகு இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும், நீங்கள் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கலாம். 26 அடி வெஸ்டர்லி செண்டார் இந்த வகையில் பெயர் பெற்றது, 2,000-க்கும் மேல் கட்டப்பட்டன. காற்றுக்கு எதிராக ஏறுவதில் இந்த வகை கொஞ்சம் சோம்பல். பழையது வாங்கினால் கீல் உடலோடு சேரும் இடத்தை வெளியிலும் உள்ளேயும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தப் படகின் பழைய பலவீனம் அதுதான்.

நீர்ப்பாரப் படகுகளும் உண்டு: ஏரியில் இறக்கியதும் அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும், கரையேறியதும் வடித்துவிடலாம், காரால் இழுக்கச் சுகம். ஆனால் தொட்டி முழுதாக நிரம்பாமல் ஆட்களை ஏற்றவே கூடாது. பாதித் தொட்டி காலித் தொட்டியைவிட மோசமாகவும் ஆகலாம், சாயும்போது தண்ணீரும் கூடவே சாயும். மறதிக்காரர் என்றால் இந்த வகையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏரிதானே, கடலைவிடப் பாதுகாப்புதானே? லேசான படகு போதாதா?

பதில்: கடலலை நீண்டு வரும், படகு ஏறி இறங்க நேரம் கொடுக்கும். ஆழமில்லாத ஏரியில் அலை குட்டை, செங்குத்து, அடுத்தடுத்து வரும். ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது முகத்தில். வட அமெரிக்காவின் ஈரி பெரிய ஏரிதான், ஆனால் சராசரி ஆழம் 19 மீட்டர். அங்கே ஓட்டுகிறவர்கள் அந்த அலையைப் பற்றி மரியாதையோடுதான் பேசுவார்கள்.

ஐரோப்பிய விதிப்படி 1998 நடுவிலிருந்து அங்கே விற்ற படகுகளில் ஏ, பி, சி, டி என்று ஒரு வகை தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். டி என்பது காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 4 வரை, அலை அரை மீட்டருக்குள். ஒதுக்கமான தண்ணீருக்கு மட்டும். சி என்றால் காற்று 6 வரை, அலை 2 மீட்டர் வரை. அகன்ற ஏரிக்கும் கரையோரத்துக்கும் சி-க்குக் கீழே போகாதீர்கள். அந்தத் தகட்டில் இத்தனை பேர் என்றும் போட்டிருக்கும், அதைப் படுக்கை எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு முந்தைய படகுகளில் இந்தத் தகடே இருக்காது, அங்கே பாரக் கணக்கைக் கேளுங்கள்: நிலையான கீல் வைத்த படகில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிப்பாரமாக இருந்தால் நல்ல அறிகுறி.

கேள்வி: படகு நன்னீரில் கொஞ்சம் அதிகம் அமிழுமாமே, உண்மையா?

பதில்: உண்மை. ஒரு டன் படகு கடலில் விலக்குவதைவிடச் சுமார் 25 லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக விலக்கும், அந்த அளவுதான் அமிழும். கண்ணுக்குத் தெரியாது, மறந்துவிடுங்கள். நன்னீர், கடல் இரண்டிலும் ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியது மோட்டாரின் அடியில் திருகியிருக்கும் தியாகக் கட்டி, அதாவது மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தான் கரைகிற துண்டு. கடலுக்கான துத்தநாகக் கட்டி ஏரியில் மேலே ஓடு படிந்து வேலையை நிறுத்திவிடும். ஏரிக்கான மக்னீசியம் கடலில் மளமளவென்று கரைந்துவிடும். இரண்டுக்கும் போகிறவருக்கு அலுமினியம்.

கேள்வி: பழைய ஃபைபர் படகைப் பார்க்கப் போகிறேன். மெக்கானிக் கிடைக்கவில்லை. நானே எதைப் பார்க்கலாம்?

பதில்: ஸ்க்ரூடிரைவர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், அதன் பிளாஸ்டிக் பிடிதான் வேண்டும். மேல்தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக், டக்' என்று கணீரென்று கேட்கும். பாய்மரத்தின் அடியிலும் தளத்தில் திருகுகள் இறங்கும் இடங்களிலும் அது 'தொப்' என்று மாறினால் இரண்டு ஃபைபர் அடுக்குக்கும் நடுவிலுள்ள பால்சா மரம் தண்ணீர் குடித்து மக்கியிருக்கிறது. மேலே ஏறி நின்றால் கால் லேசாக அமிழும். ஓரிரு இடம் என்றால் பேரம் பேசலாம், பாய்மரத்தைச் சுற்றி முழுவதும் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் அறைக்குள் மூக்கை நுழையுங்கள். கட்டில் பலகையைத் தூக்கி, படகின் உட்சுவரில் காபி நிறக் கோடுகள் எங்கிருந்து இறங்குகின்றன என்று டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஜன்னல் ஒழுகுகிறது என்று அதுவே சொல்லும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளுக்குப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆயுசு என்று வையுங்கள். எப்போது மாற்றியது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். அடிப்பாகத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் பலர் அலறுவார்கள், நான் அலற மாட்டேன், நாலைந்து கொப்புளத்தால் எந்தப் படகும் மூழ்கியதில்லை. பாய் மட்டும் கட்டாயம் விரித்துப் பாருங்கள். பழைய துணி தொட்டால் மெத்தென்று கைக்குட்டை மாதிரி இருக்கும், புதிது காகிதம் மாதிரி சரசரக்கும். புதுப் பாய் வாங்குகிற காசில் சில பழைய படகுகளையே வாங்கிவிடலாம்.

கேள்வி: 22 அடிப் படகுக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார்? பெரியதாகப் போட்டால் நல்லதுதானே?

பதில்: 4 முதல் 6 போதும். பெரியது போட்டால் பின்பக்கம் அமிழும், வேகம் கூடாது, மேலே சொன்ன அதே வர்க்கமூலக் கணக்கு. தண்டு நீளமானதாகப் பாருங்கள், குட்டைத் தண்டென்றால் அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் விசிறி காற்றில் சுற்றி ஊளையிடும். பெட்ரோல் கேனை அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், அதன் ஆவி காற்றைவிடக் கனம், அடித்தளத்தில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: கணவர் படகு வாங்கிவிட்டார். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 7 வயது மகள் படகு சாய்ந்தாலே கத்துகிறாள், இனி வரமாட்டேன் என்கிறாள். விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். எவ்வளவு சாய்க்கிறார் என்று கவனியுங்கள். 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் இந்த மாதிரி அகலப் படகுகள் வேகமாகப் போவதே இல்லை, சுக்கான் தண்ணீரை இழுத்துக்கொண்டு மெதுவாகிவிடும், ஓட்டுகிறவருக்கு மட்டும் பறக்கிற மாதிரி தோன்றும். காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 20 நாட்டாக இரட்டித்தால் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் சுருக்கலாமா என்று யோசனை வந்த உடனே சுருக்கச் சொல்லுங்கள்.

மகளுக்குச் சாய்வு பிடிக்காததற்கு இன்னொரு காரணம், அது எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதது. பாயைப் பிடிக்கும் கயிற்றை அவள் கையில் கொடுங்கள், கணவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். தளர்த்தினால் படகு நிமிர்கிறது, இழுத்தால் சாய்கிறது என்று நாலு தடவை அவளே செய்து பார்க்கட்டும். உயிர்காப்பு அங்கி அவள் அளவுக்கே இருக்க வேண்டும், வளர்ந்தால் போட்டுக்கொள்வாள் என்று பெரிதாக வாங்காதீர்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அங்கி காதுவரை ஏறக் கூடாது, கால் இடுக்கில் பட்டை வேண்டும்.

அடுத்த முறை காற்று மெதுவாக இருக்கும் காலையில் முன்பாயை மட்டும் விரித்துப் போங்கள், பெரிய பாய் உறையிலேயே இருக்கட்டும். படகு நடைவேகத்தில்தான் நகரும், சாயவே சாயாது. ஒரு மணி நேரம் போதும். அவள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டாலும் திரும்பிவிடுங்கள்.