இரண்டு ஆண்டெனாவும் சேர்ந்தே மங்கினால்

கேள்வி: மண்டபத்தில் எங்கள் வள்ளத்தில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆண்டெனா கட்டி, கரையிலுள்ள டவரின் 900 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பதிவு செய்தேன். தென்கடலில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே மங்குகின்றன. வீச்சுகளின் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு) 0.5. என் பைத்தான் சிமுலேஷனிலோ ஒன்று விழுந்தால் மற்றது நிற்கிறது. எதை மாற்றுவது? – இறுதியாண்டு மாணவி

ஜெட்டியில் பக்கம் பக்கமாகக் கட்டிய இரண்டு வள்ளங்களைப் பாருங்கள். ஒரே அலை இரண்டையும் தூக்கி இறக்கும். உங்கள் நிரலில் இரண்டும் வெவ்வேறு கடலில் மிதக்கின்றன. ராண்டம் எண்களைத் தனித்தனியாக எடுத்ததுதான் காரணம்.

ஆனால் முதலில் அந்த 0.5-ஐச் சந்தேகப்படுங்கள். வள்ளம் கரையை விட்டு விலக விலக இரண்டு சிக்னலும் சேர்ந்தே குறையும். அது தூரம் செய்யும் வேலை, ஃபேடிங் (பல வழிகளில் வரும் அலைகள் கூடியும் கழிந்தும் சிக்னல் ஏறி இறங்குவது) இல்லை. ஒட்டுறவை மட்டும் பொய்யாக ஏற்றிவிடும். அலைநீளம் 33 செ.மீ. ஃபேடிங்கைச் சராசரியில் கரைத்துத் தூரத்தின் பங்கை மட்டும் பிரிக்க நாற்பது அலைநீளம் எடுப்போம்; அது சுமார் 13 மீட்டர், 8 நாட் வேகத்தில் மூன்று வினாடி. ஒவ்வொரு வரிசையையும் தன் மூன்று வினாடி நகரும் சராசரியால் வகுத்துவிட்டு ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். டெசிபலில் பதிந்திருந்தால் முதலில் வீச்சாக மாற்றுங்கள்.

அப்புறமும் 0.5 நின்றால், நிரலில் 0.5-ஐ அப்படியே போடக் கூடாது. பலரும் வழுக்குவது இங்கேதான். ரேலி ஃபேடிங்கில் (டவரிலிருந்து நேராக வரும் வலுவான நேர்க்கதிர் இல்லாதபோது) வீச்சுகளின் ஒட்டுறவு, சிக்கலெண் கெழுக்களின் (வீச்சோடு கட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் எண்களின்) ஒட்டுறவை வர்க்கப்படுத்தியதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே 0.7 எடுங்கள். அ, ஆ என்று ஒரே திறனுள்ள, தொடர்பில்லாத இரண்டு சிக்கலெண் காஸியன் வரிசைகள். முதல் ஆண்டெனாவுக்கு அ. இரண்டாவதற்கு 0.7 × அ + 0.714 × ஆ. இரண்டு எண்களின் வர்க்கமும் சேர்ந்து 1 வருவதால் திறன் மாறாது. வீச்சை எடுப்பதற்கு முன்பே கலந்துவிட வேண்டும். மூன்று நான்கு ஆண்டெனா என்றால் ஒட்டுறவு அணியைச் சோலெஸ்கி முறையில் பிரித்து, வரும் எண்களால் கலந்தால் சரி.

பாடத்தில் வரும் 1968-ஆம் ஆண்டு கிளார்க் மாதிரி உங்களைக் குழப்பியிருக்கும். அலைகள் நாலாபுறமிருந்தும் வருவதாக அது கொள்கிறது. உங்கள் 15 செ.மீ., அதாவது 0.45 அலைநீள இடைவெளிக்கு அதன் பெசல் சார்பு சுமார் −0.2 தரும், வர்க்கப்படுத்தினால் 0.04, அதாவது ஒட்டுறவே இல்லாத மாதிரி. ராமநாதபுரம் கடைத்தெருவுக்கு அது பொருந்தலாம். திறந்த கடலில் டவர் ஒரே பக்கம். அலைகள் குறுகிய விசிறியாகத்தான் வந்து சேரும். அதனால்தான் 15 செ.மீ. போதவில்லை.

நேரப் போக்குக்கு, கலக்கும் முன் அ, ஆ இரண்டையும் ஒரே வடிகட்டியில் விடுங்கள். உங்கள் வேகத்தில் டாப்ளர் (வள்ளம் நகர்வதால் வரும் அதிர்வெண் மாற்றம்) உச்சம் 12 ஹெர்ட்ஸ்தான். வடிகட்டியின் வடிவத்தையும் கிளார்க்கிடம் வாங்காமல், அளந்த தரவின் தன்னொட்டுறவிலிருந்தே (வரிசை சற்று முந்தைய தன்னோடே கொள்ளும் ஒட்டுறவு) எடுங்கள்.

பதிவில் ஆழமான சரிவே அபூர்வம் என்றால் நேர்க்கதிர் வலுவாக இருக்கிறது, ரைசியன் மாதிரி வேண்டும். நேர்க்கதிரைக் கலந்த பிறகு கூட்டுங்கள். அப்போது அந்த வர்க்கக் கணக்கு உதவாது. சிமுலேஷன் வீச்சில் 0.5 வரும்வரை 0.7-ஐ ஏற்றி இறக்கிப் பாருங்கள். சில வினாடி ஓட்டி முடிவுக்கு வராதீர்கள். இவ்வளவு மெதுவான ஃபேடிங்குக்குப் பத்து நிமிடமாவது ஓடினால்தான் எண் நிலைக்கும்.